போஜனுக்கு என்ன பதில் சொல்வது

சனிக்கிழமைக்குள் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும்.
நம்பிக்கையின் பேரில் இரண்டையும் கொடுத்தனுப்பினான் போஜன்,
குன்னூர் மவுண்ட் ரோட்டில், பேக்கரிக்கு மேல்மாடியில்
சாலிடர் புகைக்குள் உட்கார்ந்திருப்பவன்.
"போட்டுக் கேளுங்க. காது சொல்லும்."

வால்வு ஆம்ப்ளிஃபயர் இருபத்திரண்டு கிலோ.
ரோட்டிலிருந்து வீட்டுக்கு முப்பத்தெட்டுப் படி.
பதினேழாவதில் இறக்கி வைத்து
அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினேன்.
டிரான்சிஸ்டர் பெட்டியை எமல்டா
முட்டைக்கோசோடு ஒரே பையில் தூக்கி வந்தாள்.

சுவிட்சைப் போட்டால் வால்வில் முதலில் ஒன்றுமில்லை.
பிறகு கண்ணாடிக்குள் ஒரு நூல் சிவக்கும்.
பிறகும் ஒன்றுமில்லை.
தேநீர் ஆறத் தொடங்கும்போது
தொண்டையைச் செருமிக்கொண்டு வரும் தம்புரா.
மற்றது தட்டினால் பேசும்.
தட்டியவன் யார் என்றுகூடக் கேட்காது.

மாலை ஏழு மணிக்கு
மலை முழுக்க ஒரே நேரத்தில் கெய்சர் போடுவார்கள்.
மின்சாரம் நூற்றெண்பதுக்கு இறங்கும்.
அப்போது வால்வில் நாகசுரம்
சீவாளி நனைக்காமல் எடுத்தது போலிருக்கும்.
டிரான்சிஸ்டருக்குக் கவலையில்லை,
எப்போதும் நூற்றுக்கு நூறு.

இருந்தும் மூன்றாம் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.
வால்வுதான்.
தவிலில் விரல்கூடு தோலைத் தொடுமுன்
நடுவில் ஒரு காற்று இருக்கிறதே, அது இதில்தான் கேட்கிறது
என்று சாப்பாட்டு மேஜையில் அரைமணி நேரம்.
எமல்டா பள்ளியில் வேதியியல் எடுப்பவள்.
குழம்பில் உப்பு குறைவு என்றாலும்
இரண்டு கிண்ணத்தில் ஊற்றிப் பார்ப்பவள்.
"சரி" என்றாள். அவ்வளவுதான்.

வியாழன் இரவு.
"கண்ணை மூட வேண்டாம். பாத்துக்கிட்டே கேளு."
நான்கு வால்வும் எரிந்துகொண்டிருந்தன.
தோடி.
காந்தாரத்தைப் பிடித்து அவர் ஆட்டிய ஆட்டத்தில்
எனக்குக் கழுத்துப் பின்புறம் சிலிர்த்தது.
"இதோ, இந்தச் சூடு. அந்தத் தகரப் பெட்டிக்கு
ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது."

அவள் எழுந்துபோய்
ஸ்பீக்கர் வயரைக் கையில் எடுத்து
அது போகும் வழியே விரலை நகர்த்திக் காட்டினாள்.
அலமாரிக்குப் பின்னால், கீழ்த்தட்டில்,
செய்தித்தாள் போர்த்தியிருந்த டிரான்சிஸ்டருக்குப் போயிற்று.
வால்வு சும்மா எரிந்துகொண்டிருந்தது,
ஊர்வலம் போன பிறகும் அணைக்காத பெட்ரோமாக்ஸ் மாதிரி.

வெளியே போய் நின்றேன்.
பனிமூட்டத்தில் தேயிலைக்குள் கழுத்தளவு புதைந்து
ஒரு காட்டெருமை என்னைப் பார்த்தது.
அதற்கும் விஷயம் தெரியும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை
ஊட்டியில் புல் வெளுத்துவிட்டது என்றார்கள். இங்கே விரல் மட்டும்.
நான் வேலை முடிந்து வரும்போது
வால்வின் கம்பிக்கூண்டு மேல் அவளுடைய காலுறை இரண்டு.
பக்கத்தில், கூடாரம் போல விரித்து நிறுத்திய
இசைத்தட்டு உறைகள்,
ஐப்பசியில் அவற்றில் பூத்த பூஞ்சை
உலர்ந்து துணியோடு வந்துவிட்டது.
பாட்டு ஓடவில்லை.

"இதையே வெச்சிக்கலாம்."
"நேத்து நீதானே..."
"நேத்து பேசினது சத்தத்தைப் பத்தி."

காலுறையைத் திருப்பிப் போட்டாள்.
வால்வு செட் எத்தனை வருஷம் வரும்,
கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று
விடைத்தாளின் ஓரத்தில் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தாள்.
என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.
கையை நீட்டி நானும் கொஞ்சம் காய்ந்தேன்.

இன்று சனி.
டிரான்சிஸ்டரை அதே பையில் போட்டு இறங்குகிறேன்.
மூன்று கிலோ இருக்கும், முட்டைக்கோசு இல்லாமல்.
காது என்ன சொன்னது என்று போஜன் கேட்பான்.
பதினேழாவது படியில் நின்றேன்,
மூச்சு வாங்கவில்லை, சும்மாதான்.

அந்தக் காந்தாரம்
இதற்குள்ளிருந்துதான் வந்தது.